ஈட்டித் துப்பாக்கியும் மீனின் தொலைவும்: ஒரு கருவியின் வடிவ வரலாறு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டு காப்புரிமை பெற்றார், எந்த நிறுவனம் விற்றது என்ற வரிசையில் அது நகரும். நீருக்கடியில் மூச்சடக்கி மூழ்கி மீன்பிடிப்போர் ஏந்தும் ஈட்டித் துப்பாக்கிக்கு இந்த வரிசை மட்டும் போதாது. அக்கருவியின் வடிவத்தைத் தீர்மானித்ததில் பட்டறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு மீனுக்கும் உண்டு.

ஈட்டித் துப்பாக்கியின் அடிப்படை எளியது. ஒரு தண்டு, அதன் மேல் கிடக்கும் எஃகு ஈட்டி, அதை உந்தும் ரப்பர் பட்டை, பட்டையின் இழுவிசையைத் தாங்கி நிற்கும் விசைப்பொறி, ஈட்டியைத் தண்டோடு பிணைக்கும் கயிறு. இவ்வளவுதான். ஆயினும் பாறை வளைக்குள் பயன்படும் துப்பாக்கி 50 செ.மீ. அளவினது, திறந்த நீரில் பயன்படுவது 110 செ.மீ.; ஆழ்கடல் சூரைக்கானது 150 செ.மீ.யையும் தாண்டும். ஈட்டியின் பருமன், முனையின் வடிவம், பட்டைகளின் எண்ணிக்கை, கயிற்றின் நீளம் யாவும் வேறுபடுகின்றன. இவற்றை வெறும் விருப்பத் தேர்வுகளாகக் கொள்ள இயலாது. மீன் எவ்வளவு தொலைவில் நிற்கும், எப்படித் தப்பும், குத்துப்பட்டபின் எங்கே ஓடும் என்ற கேள்விகளுக்கான விடைகள் அவை. அந்த விடைகள் உருவான வரலாற்றையும், அவற்றுள் சிலவற்றைச் சட்டம் ஏன் திரும்பப் பெற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதே இக்கருவி முழுமையாக விளங்கும்.

பார்வை முதலில், படைக்கலம் பின்னர்

மீனை ஈட்டியால் குத்துவது மிகப் பழைய தொழில். குறுந்தொகையின் 304ஆம் பாடலில் வரும் ‘எறியுளி’, மூங்கில் தண்டில் பொருத்திய கூர்முனையைப் பரதவர் திமிலிலிருந்து பெருமீன் மீது வீசும் கருவியே. ஆனால் அவ்வேட்டை நீரின் மேலிருந்து நடந்தது. வேட்டையாடுபவர் நீருக்குள் சென்று, மீன் இருக்கும் தளத்திலேயே அதை எதிர்கொள்ள வேண்டுமெனில் முதலில் கண் தெளிவாகக் காண வேண்டும். மனிதக் கண் காற்றில் காணப் பழகியது. நீர் நேரடியாகக் கண்ணைத் தொட்டால் காட்சி மங்கிவிடும். கண்ணுக்கு முன் சிறிதளவு காற்றை அடைத்து வைக்கும் கண்ணாடி இல்லாமல் நீரடி வேட்டை வளர வழியில்லை.

1930களில் பிரான்சின் தென்கடற்கரையில் இந்தத் தேவை ஒரு பொழுதுபோக்காக வடிவெடுத்தது. அந்தீப் நகரில் வாழ்ந்த அமெரிக்க விமானியும் எழுத்தாளருமான கை கில்பாட்ரிக், விமானிகள் அணியும் கண்ணாடியின் துளைகளைப் பசைமண்ணால் அடைத்து, கையில் ஈட்டியுடன் மூழ்கினார். 1934இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் அவர் இதைப் பற்றி எழுதினார். 1938இல் ‘தி கம்ப்ளீட் காகிளர்’ என்னும் நூலை வெளியிட்டார். தலைப்பு, 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலின் பெயரை வேடிக்கையாகத் திருப்பியது. தூண்டிலுக்கு இருந்த மதிப்பைக் கண்ணாடிக்கும் கோரிய தலைப்பு அது. 1937இல் விடுமுறைக்கு அங்குச் சென்ற ஆஸ்திரிய மாணவர் ஹான்ஸ் ஹாஸ், கில்பாட்ரிக் மீன்குத்துவதைக் கண்டே இத்துறைக்குள் நுழைந்தார். பின்னாளில் நீரடி நிழற்படத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்டவர் அவர்.

அதே பத்தாண்டில் வேறு இரண்டு மாற்றங்களும் நிகழ்ந்தன. 1933இல் லூயி த கோர்லியூ நீச்சல் துடுப்புக் காலணிக்குக் காப்புரிமை பெற்றார். தனித்தனி வில்லைகள் கொண்ட கண்ணாடிக்குப் பதிலாக, மூக்கையும் மூடும் ஒற்றைக் கண்ணாடி முகமூடி பத்தாண்டின் இறுதியில் வந்தது. இவ்விரண்டாவது மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆழம் கூடக் கூட, நீரின் அழுத்தம் கண்ணாடியை முகத்தோடு நசுக்கும். மூக்கும் உள்ளே இருந்தால் மூச்சுக்காற்றைச் சிறிது வெளிவிட்டு அழுத்தத்தைச் சமன்செய்யலாம். ஆகவே அந்த முகமூடி பார்வையோடு ஆழத்தையும் தந்தது.

நீர் தந்த பார்வையிலும் ஒரு பொய் இருந்தது. முகமூடி வழியே காணும் பொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தொலைவில் முக்கால் பங்கு தொலைவிலேயே இருப்பதாகவும் தோன்றும். நான்கு மீட்டர் அப்பால் உள்ள மீன் மூன்று மீட்டரில் நிற்பதாகத் தெரியும். கையீட்டி வைத்திருப்பவர் இந்தப் பொய்யால் ஏமாந்தார். எட்டும் என்று நம்பிய மீன் எட்டவில்லை. அந்த ஒரு மீட்டர் இடைவெளிதான் துப்பாக்கியின் தேவையை உருவாக்கியது எனலாம்.

சுருள்வில்லிலிருந்து ரப்பருக்கு

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது. எறியப்பட்ட ஈட்டி சில அடிகளுக்குள் வேகத்தை இழந்துவிடும். எனவே கைவிசைக்கு மாற்றாக ஒரு பொறி தேவைப்பட்டது. 1930களின் பிற்பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து அக்கடற்கரையில் வாழ்ந்த அலெக் கிராமரென்கோ முதலியோர் உலோகச் சுருள்வில்லை அழுத்தி வைத்து ஈட்டியை ஏவும் துப்பாக்கிகளை உருவாக்கினர். அவை கையீட்டியைவிட மேலானவை. ஆனால் உப்புநீரில் சுருள் துருப்பிடித்தது. அழுத்தி ஏற்றுவது கடினமாயிற்று. ஏவும்போது எழும் உலோக ஒலி சுற்றியிருந்த மீன்களைக் கலைத்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மார்சேய் நகரப் பட்டறைகள் ரப்பருக்குத் திரும்பின. 1947இல் ஜார்ஜ் பேஷா உருவாக்கிய ‘டார்ஜான்’ துப்பாக்கி இவ்வகையில் முன்னோடி. ரப்பர் துருப்பிடிக்காது, அமைதியானது, அறுந்தால் அங்கேயே மாற்றலாம். அதைவிட முக்கியம், ஒரு பட்டை போதாதெனில் இரண்டாவதைச் சேர்க்கலாம். பயனரே தம் கருவியைத் திருத்திக்கொள்ளும் கதவு இங்கேதான் திறந்தது. சுருள்வில் துப்பாக்கியை வாங்கியவர் தொழிற்சாலை தந்த விசையோடு வாழ வேண்டும். ரப்பர் துப்பாக்கியை வாங்கியவர் பட்டையின் நீளத்தை வெட்டியும் தடிமனை மாற்றியும் தம் மீனுக்கேற்ப அமைத்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர் இவ்வகைத் துப்பாக்கியை ‘அர்பலேட்’ என்றே அழைக்கின்றனர். அது இடைக்காலப் போர்க்கருவியான குறுக்குவில்லின் பெயர். இலத்தீன் மொழியில் வில்லையும் கல்லெறி பொறியையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கையிலிருந்து வந்தது. ஈட்டித் துப்பாக்கியில் வில்லே இல்லை. இழுத்துப் பூட்டி விடுவிக்கும் செயல் மட்டுமே பொது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் உள்ளூர் மரத்தையும் வண்டிச் சக்கரத்தின் உட்குழாய் ரப்பரையும் கொண்டு மீனவர் தாமே செய்துகொள்ளும் துப்பாக்கிக்குப் ‘பனா’ என்று பெயர். அதுவும் அம்பைக் குறித்த பழைய ஆஸ்ட்ரோனேசியச் சொல்லே. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மொழிகள், புதிய கருவிக்குப் பெயரிடத் தத்தம் வில்-அம்பு மரபையே நாடியிருப்பது குறிக்கத்தக்கது. பயனர்கள் இதைத் துப்பாக்கியின் தம்பியாகக் கருதவில்லை, வில்லின் வழித்தோன்றலாகவே உணர்ந்தனர்.

ரப்பர் ஒரு நிபந்தனையையும் விதித்தது. ஈட்டிக்குக் கிடைக்கும் ஆற்றல், பட்டையின் இழுவிசையோடு அது உந்தும் தொலைவையும் பொறுத்தது. ஆகவே நீண்ட தண்டு என்றால் மிகுந்த விசை. குறுகிய தண்டு என்றால் குறைந்த விசை. ஆற்றலை விரும்பியவர் நீளத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று. இந்நிபந்தனையிலிருந்து விலக விரும்பியோருக்காகவே காற்றழுத்தத் துப்பாக்கி வளர்ந்தது. குழாய்க்குள் அடைத்த காற்றை ஈட்டியால் அழுத்தி ஏற்றும் அவ்வகை, குறுகிய உடலில் பெரும் விசையைத் தரும். ஏற்றுவதற்குக் கைவலிமையும், காற்றுக் கசியாத அடைப்பான்களின் பராமரிப்பும் அதற்கான விலை. இத்தாலிய வேட்டையாடிகளிடம் அது நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

சொற்களில் பதிந்த முறைகள்

மத்தியதரைக் கடல் வேட்டையாடிகள் தம் முறைகளுக்கு இட்ட பெயர்களே துப்பாக்கிகளின் வகைப்பாட்டையும் தருகின்றன. இத்தாலியர் ‘தானா’ என்பது விலங்கின் வளை. பாறைப் பிளவுக்குள் ஒதுங்கும் களவா மீனை அதன் வாயிலிலேயே சென்று குத்தும் முறை இது. நீண்ட தண்டை வளைக்குள் திருப்ப இயலாது. எனவே 50 முதல் 75 செ.மீ. வரையான துப்பாக்கியே இதற்கு ஏற்றது. குறி தவறினால் ஈட்டி பாறையில் மோதும் என்பதால் விசை அளவோடு இருக்க வேண்டும். முனை தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. கயிறு ஒரே சுற்றுப் போதும். இருளில் காண ஒரு கைவிளக்கும் சேரும்.

‘அக்குவாத்தோ’ என்பது பதுங்கல். கரையோரப் பாறைகளின் பின்னே, அலைநுரையின் மறைவில் ஆழமற்ற நீரில் ஊர்ந்து, மீன் திரும்பும் கணத்தில் எதிர்ப்படும் முறை. இங்கே தேவைப்படுவது விரைந்து திரும்பும் கருவி. நடுத்தர நீளமும், மெல்லிய தண்டும், 6 அல்லது 6.5 மி.மீ. பருமனுள்ள இலேசான ஈட்டியும் இதற்கு உரியவை. இலேசான ஈட்டி விரைவாகப் புறப்படும். சிறிய, சுறுசுறுப்பான மீனுக்கு அதுவே போதும்.

‘அஸ்பெத்தோ’ என்பது காத்திருப்பு. கடலடியில் அசையாமல் படுத்துக் கிடந்தால், அந்த அசைவின்மையே சில மீன்களின் ஆர்வத்தைத் தூண்டி அவற்றை அருகழைக்கும். தெற்குப் பிரான்சில் இதற்கு ‘அகாஷோன்’ என்று பெயர். பறவை வேட்டைக்காரர் ஒளிந்து காத்திருக்கும் மறைவிடத்தைக் குறிக்கும் புரோவான்சு வட்டாரச் சொல் அது. பிரெஞ்சுப் பொதுமொழிக்கு வெளியே வாழ்ந்த ஓர் உழவர் சொல், கடலுக்குள் இறங்கி நிலைபெற்றுவிட்டது. காத்திருப்பில் மீன் நெருங்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் வராது. டென்டெக்ஸ் மீனும் பெரிய பாரை இனங்களும் அந்த எல்லையைக் கறாராகக் காப்பவை. எனவே இம்முறைக்கு 90 செ.மீ.க்கு மேற்பட்ட துப்பாக்கி வேண்டும். கயிறும் இரு சுற்றாகும்.

ஒரே கடலில், ஒரே கரையில், ஒரே நாளில் மூன்று துப்பாக்கிகள் தேவைப்படுவதன் காரணம் இதுவே. வளையை நம்பும் மீன், நுரையை நம்பும் மீன், தொலைவை நம்பும் மீன் எனப் பாதுகாப்பு மூவகை, கருவியும் மூவகை.

குத்துப்பட்ட பின்னர்

கலிபோர்னியா, ஹவாய் கடல்களில் சிக்கல் வேறு. அங்குப் பெருஞ்சூரை, வஞ்சிரத்தின் உறவான வாஹூ போன்றவை திறந்த நீரில் திரிபவை. அவற்றைக் குத்துவது பாதி வேலை. குத்தியபின் பிடித்து வைப்பதே மீதி. பல பட்டைகள் பூட்டிய துப்பாக்கியின் பின்னுதைப்பு முனையை மேலே தூக்கிக் குறியைத் தவறச் செய்யும். அதை உட்கொள்ளத் துப்பாக்கியின் எடை கூட வேண்டும். அதனால்தான் அக்கடல்களில் தேக்கு முதலிய மரங்களைப் பலகை பலகையாக ஒட்டிச் செய்த கனத்த உடல்கள் பரவின. பலகைகளை ஒட்டிச் செய்வது மரம் நீரில் முறுக்கிக்கொள்ளாமல் காக்கும். மரம் மிதக்கும் என்பதால் ஈயத்துண்டுகளைப் பதித்து, கைவிட்டால் மூழ்காமலும் எழாமலும் நிற்குமாறு அமைத்தனர். ஈட்டியின் பருமன் 8, 9 மி.மீ. ஆயிற்று, பருமனான ஈட்டி மெல்லப் புறப்பட்டாலும் தன் உந்தத்தைத் தொலைவு வரை காக்கும்.

இருநூறு கிலோ எடையுள்ள சூரை பாய்ந்தால் துப்பாக்கியைப் பிடித்திருப்பவரையும் ஆழத்திற்கு இழுத்துச் செல்லும். மூச்சடக்கி இறங்கியவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. எனவே ஏவியதும் கயிறு துப்பாக்கியிலிருந்து கழன்று, மேலே மிதக்கும் மிதவையோடு மட்டும் இணையுமாறு அமைப்பு மாற்றப்பட்டது. மீன் மிதவையை இழுத்துக் களைக்கும். மனிதர் மேலே வந்து மூச்சு வாங்குவார். ஈட்டி முனையும் மாறியது. சதைக்குள் சென்றதும் தண்டிலிருந்து கழன்று, குறுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் முனை பொருத்தப்பட்டது.

இவ்விரண்டும் புதியன அல்ல. ஆர்க்டிக் கடலின் இனுயிட் மக்கள் கடல்நாய், திமிங்கில வேட்டையில் குறுக்காகத் திரும்பும் முனையையும் தோல் மிதவையையும் நெடுங்காலமாகக் கையாண்டவர்கள். 1848இல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் லூயிஸ் டெம்பிள் என்னும் கறுப்பினக் கொல்லர் இரும்பில் வடித்த திருகுமுனை, அமெரிக்கத் திமிங்கில வேட்டையின் பொதுக்கருவி ஆயிற்று. டெம்பிள் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. ஈட்டித் துப்பாக்கியில் ஏவும் பகுதி இருபதாம் நூற்றாண்டினது. பிடித்து நிறுத்தும் பகுதியோ கடல்வேட்டைக் குடிகளின் பழைய அறிவு.

மீனின் காப்பை நீக்கிய மாற்றங்கள்

இதுவரை கண்ட திருத்தங்கள் யாவும் மீனின் பழக்கத்திற்கு விடைகூறுபவை. மீனுக்குத் தப்பும் வாய்ப்பு இருந்தது. வேட்டையாடுபவரின் மூச்சு ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதே அந்த வாய்ப்பின் அடித்தளம். வேறு சில திருத்தங்கள் அந்த அடித்தளத்தையே அகற்றின.

ஒன்று, காற்று. மூச்சுக்கருவி அணிந்தவருக்கு மூச்சு தீர்வதில்லை. களவா தன் வளையில் எவ்வளவு நேரம் ஒளிந்தாலும் அவர் வாயிலில் நிற்பார். இரண்டு, ஒளி. பவளப்பாறைகளில் வாழும் புடைத்த தலைக் கிளிமீன் பகலில் கூட்டமாகத் திரியும், நெருங்க விடாது. இரவில் ஆழமற்ற நீரில் கூட்டமாகவே உறங்கும். நீர்புகா டார்ச் விளக்கு மலிந்தபின் பசிபிக் தீவுகள் பலவற்றில் இம்மீன்கள் உறக்கத்திலேயே குத்தப்பட்டு அருகின. மூன்று, வெடி. ஈட்டி முனையில் தோட்டாவைப் பொருத்தி, தொட்டதும் வெடிக்கச் செய்யும் அமைப்பு 1960களில் ஆஸ்திரேலியாவில் சாம்பல் நர்ஸ் சுறா மீது மிகுதியாகப் பயன்பட்டது. வெளித்தெரியும் கூர்ப்பற்களால் கொடியதாகத் தோன்றினாலும் அது சாதுவான சுறா. மெல்ல நீந்தும், மனிதரைக் கண்டு விலகாது. அதற்குத் தொலைவு என்னும் காப்பே கிடையாது. நியூ சௌத் வேல்ஸ் மாநிலம் 1984இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. உலகில் அத்தகைய பாதுகாப்புப் பெற்ற முதல் சுறா இதுவே.

களவாவின் நிலையில் இன்னொரு நுட்பம் உண்டு. மத்தியதரைக் கடல் களவா பெண்ணாகவே முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பெரிதான பின்னரே ஆணாக மாறும். வேட்டையாடுபவர் தேர்வது பெரிய மீனை. ஆகவே குத்தப்படுபவற்றில் ஆண்களே மிகுதி. சில ஆண்டுகளில் ஒரு பாறைத்தொடரின் ஆண்மீன்கள் யாவும் நீங்கிவிட்டால், மீன்கள் எஞ்சியிருந்தும் இனப்பெருக்கம் நின்றுவிடும். தேர்ந்து குத்துவதால் ஈட்டி வலையைவிடத் தூய்மையானது என்ற வாதம் பொதுவில் சரியே; வேண்டாத மீன் இதில் சாவதில்லை. ஆனால் களவாவின் வாழ்க்கை அமைப்பில் அந்தத் தேர்வே கேடாக முடிந்தது.

சட்டம் கழற்றிய உறுப்புகள்

இதற்குச் சட்டங்கள் அளித்த விடைதான் இவ்வரலாற்றின் கூர்மையான பகுதி. பெரும்பாலான நாடுகள் ஈட்டி வேட்டையை முழுவதும் தடைசெய்யவில்லை. கருவியிலிருந்து குறிப்பிட்ட சில உறுப்புகளைக் கழற்றின. பிரான்சு மூச்சுக்கருவியுடனும் இரவிலும் ஈட்டி வேட்டையைத் தடைசெய்தது. 1993 முதல் தன் மத்தியதரைக் கடற்கரையில் களவாவை ஈட்டியால் குத்துவதற்கு இடைக்காலத் தடை விதித்து, அதைத் தொடர்ந்து நீட்டித்து வருகிறது. 1963இல் நிறுவப்பட்ட போர்-குரோ தேசியப் பூங்காவில் களவாக்கள் மீண்டும் பெருகியுள்ளன. கலிபோர்னியா 1982இல் பெருங்கடல் பாஸ் மீனைப் பிடிப்பதற்குத் தடை விதித்தது.

பஹாமாஸ் நாடு இன்னும் நேரடியாகக் கருவியின் வடிவத்திலேயே கைவைத்தது. அங்கு விசைப்பொறியுள்ள துப்பாக்கிக்கே இடமில்லை. மரக்குழல் ஒன்றில் ரப்பர் வளையத்தைக் கட்டி, கவண் போல இழுத்து ஈட்டியை விடும் ‘ஹவாய்க் கவண்’ போன்ற எளிய கருவிக்கே அனுமதி. அதில் இழுத்த விசையைக் கைதான் தாங்க வேண்டும்; கை தளர்ந்தால் குறி போயிற்று. தொழில்நுட்ப வரலாற்றில் கருவிகள் முன்னோக்கியே செல்லும் என்ற எண்ணத்திற்கு மாறாக, ஒரு நாடு கருவியை முந்தைய படிநிலையிலேயே நிறுத்திவைத்த எடுத்துக்காட்டு இது.

இச்சட்டங்கள் கழற்றியவற்றை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். காற்று, ஒளி, பொறி என நீக்கப்பட்டவை யாவும் வேட்டையாடுபவரின் உடல் எல்லையைக் கடக்க உதவியவை. நீளம், பருமன், முனை, கயிறு என விட்டுவைக்கப்பட்டவை பெரும்பாலும் மீனை அறிந்து செய்த திருத்தங்கள்.

மீனின் மறுமொழி

அறிந்து செய்த திருத்தங்களும் மீனை மாற்றாமல் விடவில்லை. ஈட்டி வேட்டை நடக்கும் இடங்களில் மீன்கள் மனிதரைக் கண்டு மிகத் தொலைவிலேயே விலகுகின்றன என்பதையும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நெருங்க விடுகின்றன என்பதையும் பல கடல்களில் நடந்த கள ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. துப்பாக்கி நீண்டது, மீன் பின்வாங்கியது, அதனால் துப்பாக்கி மேலும் நீண்டது. இன்றைய நீண்ட துப்பாக்கி, முந்தைய தலைமுறைத் துப்பாக்கிகள் மீனுக்குக் கற்பித்த பாடத்தின் விளைவும் ஆகும்.

தொல்லியலாளர் கல்லாயுதத்தின் விளிம்பைக் கொண்டு அது எதை வெட்டியது என்று கூறுவர். அதுபோல, பெயரும் ஆண்டும் அறியப்படாத ஓர் ஈட்டித் துப்பாக்கி கையில் கிடைத்தால் அதன் நீளத்திலிருந்து மீன் நின்ற தொலைவையும், ஈட்டியின் பருமனிலிருந்து மீனின் உருவையும், கயிற்றின் அமைப்பிலிருந்து அது ஓடிய திசையையும் படித்துவிடலாம். விளக்கு பொருத்திய துப்பாக்கியில் மட்டும் மீனின் நடத்தை பற்றிய செய்தி எதுவும் இராது. உறங்கும் மீனுக்கு எத்துப்பாக்கியும் பொருந்தும்.